அந்த இரண்டு செமஸ்டர்

கல்லூரியின் கடைசி வருஷத்தில் சிட்டு நிரப்பிய வேலை விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கட்டம் இருந்தது. பேர், முகவரி, படிப்பு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ ஜி.பி.ஏ., அதாவது நான்குக்கு எத்தனை என்கிற மதிப்பெண் சராசரி, என்று நிற்கும். அதில் 2.79 என்று அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தால் பக்கம் நகராது. கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழும். பெரிய முதலீட்டு வங்கிகள் மூன்றரை கேட்டன. அதற்கு அடுத்த தட்டில் இருந்தவர்கள் மூன்று புள்ளி இரண்டோடு திருப்திப்பட்டார்கள். 'நிதித்துறையில் ஆர்வம் உள்ள யாரும் வரலாம்' என்று கை நீட்டி அழைத்த நிறுவனம்கூட, ஆர்வம் குறைந்தது மூன்று புள்ளியாவது இருக்க வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

சிட்டு என்பது வீட்டில் கூப்பிடும் பேர். கல்லூரிக்கும் அதுவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. படிப்பில் அவள் மக்கு இல்லை. முதல் வருஷம் இரண்டு செமஸ்டரும் மூன்றுக்கு மேல். மூன்றாம் வருஷமும் அப்படித்தான். நடுவில் இரண்டாம் வருஷத்து இரண்டு செமஸ்டர்கள் மட்டும் 1.9, 1.8 என்று பள்ளத்தில் கிடந்தன. அதற்கப்புறம் தலைகீழாக நின்று படித்தும் அந்தப் பள்ளத்தைத் தூர்க்க முடியவில்லை. சராசரி என்பது பழசை மறக்கத் தெரியாத ஜென்மம்.

வேலைவாய்ப்புப் பிரிவின் மேடம் ஒரு நாள் மதிப்பெண் பட்டியலை மேஜையில் விரித்து, பேனா முனையால் அந்த இரண்டு வரிகளையும் தட்டினார்.

"இந்த ரெண்டு செமஸ்டர்ல என்னம்மா ஆச்சு?"

"அப்பாவுக்குக் கால் முறிஞ்சிருச்சு மேடம். எட்டு மாசம் வீட்டுல இருந்தாரு."

"நீதான் பாத்துக்கிட்டியா?"

"அம்மா வேலைக்குப் போயிருவாங்க. வீட்டுல வேற யாரும் இல்ல."

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல செய்தி கேட்டவர் மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை மூணு மாசத்துக்கு முன்னாடியே சொல்லக்கூடாதா? ஆன்லைன்ல போடாத. அதுல மனுஷனே கிடையாது. சின்ன கம்பெனியா பாத்து, ஒரு லெட்டர் எழுதி நேரா அனுப்பு. முதல் பத்தியிலயே அப்பா விஷயம் வரணும். படிக்கிறவங்க கண்ணு கொஞ்சம் கலங்கணும்."

சிட்டு தலையாட்டிவிட்டு வந்தாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் படி இறங்கும்போது, யாருடைய சட்டையையோ மாட்டிக்கொண்டு நடப்பது போலக் கூச்சமாக இருந்தது.

நடந்தது இதுதான். அவள் அப்பா பேருந்து ஓட்டுநர். ஒரு மழைநாள் காலையில் டிப்போவில் எண்ணெய்த் தரையில் கால் வழுக்கி, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்துக்குள் விழுந்துவிட்டார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. அம்மா ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் வேலை பார்த்தாள். லீவு கிடைக்கவில்லை. போதாததற்கு மாலை ஷிஃப்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். சிட்டு மத்தியான வகுப்புகளை விட்டுவிட்டு பன்னிரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, அப்பாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, மாத்திரை கொடுத்தாள். முதல் ஐந்து வாரம் இது சத்தியமான உண்மை.

ஆறாவது வாரத்தில் அப்பாவுக்கு ஊன்றுகோல் பழகிவிட்டது. தானே எழுந்தார், தானே குளித்தார், அடுப்படிவரை போய்த் தானே தேநீர் போட்டுக் குடித்தார். சிட்டு வகுப்புக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அதற்குக் காரணம் ஒரு பாடப்புத்தகம்.

தணிக்கைப் பாடத்தில் ஒரு கேஸ் இருந்தது. பரீட்சைக்காக அவள் அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு மரச்சாமான் கம்பெனியின் கிடங்கில் மாதாமாதம் சரக்கு குறைகிறது. கிடங்கு மேலாளர், கணக்கர், லாரி டிரைவர் என்று மூன்று பேர் மேல் சந்தேகம். கட்டிலில் படுத்திருந்த அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"டிரைவர் எடுத்திருக்க மாட்டான்" என்றார் நடுவில்.

"நீங்க டிரைவர்ங்கறதால சொல்றீங்க."

"அதுக்கில்ல. அவன்கிட்ட வண்டி இருக்குன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சே எடுப்பானா? மேல வாசி."

அவள் மேலே வாசித்தாள். அந்தக் கதை, 'மேற்கண்ட நிறுவனத்தின் உள்கட்டுப்பாட்டுக் குறைகளை விவரி, பத்து மதிப்பெண்' என்று முடிந்தது.

"யாரு எடுத்தான்னு போடலையா?"

"போடலப்பா. நாமதான் குறைகளை விவரிக்கணும்."

"அப்புறம் எதுக்கு அந்தப் புத்தகத்தை அச்சடிச்சான்?" அப்பாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. அன்று முழுக்க முனகிக்கொண்டே இருந்தார். மறுநாள் சிட்டு அவரைச் சமாதானப்படுத்த, வரும் வழியில் நூலகத்தில் இறங்கி ஒரு துப்பறியும் நாவலை எடுத்து வந்தாள். அதில் கடைசிப் பக்கத்தில் யார் கொன்றான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று சத்தியம் செய்துகொடுத்தபிறகுதான் அவர் கேட்கவே சம்மதித்தார்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு புத்தகத்தைக்கூடத் தொடாத மனிதர் அவர். அந்த எட்டு மாதத்தில் நாற்பத்து மூன்று நாவல்கள் முடித்தார்கள். முடித்தார்கள் என்றால், அவள் வாசிப்பாள், அவர் கேட்பார். ஜன்னலுக்கு எதிர்க் கட்டடத்தில் யார் வீட்டுத் துணியாவது காய்ந்துகொண்டிருக்கும். அதன் நிழல் சுவரில் ஆடும். அப்பா கட்டுப்போட்ட காலை இரண்டு தலையணை மேல் வைத்து, கட்டுக்குள் அரிப்பெடுத்தால் சொறிய ஒரு நீள ஸ்கேலைக் கையில் பிடித்தபடி படுத்திருப்பார். சந்தேகம் வரும்போது ஸ்கேலைத் தூக்குவார். அவள் நிறுத்த வேண்டும்.

"இவன் வந்ததுலேருந்து மழை பெஞ்சுச்சு, அதனால லேட்டுன்னு சொல்லிக்கிட்டே இருக்கான். இவனை யாரு கேட்டா? பஸ்ல ஏறினதும் கேக்காமலே கதை சொல்றவன்கிட்ட டிக்கெட் இருக்காது. எழுதிக்கோ."

எழுதிக்கொள்வது என்றால் மாவுக்கட்டின் மேல். ஒவ்வொரு நாவலுக்கும் அவர் சந்தேகப்படும் ஆளின் பேரைப் பென்சிலால் கட்டின் மேல் எழுதுவாள். சரியாக இருந்தால் ஒரு டிக். தப்பாக இருந்தால் அடித்துவிடுவாள். நாற்பத்து மூன்றில் பத்தொன்பது டிக். துப்பறிகிறவனைவிட முன்னாலேயே அவர் கண்டுபிடித்துவிட்ட நாட்களில், ஊன்றுகோலை ஊன்றி எழுந்துபோய்த் தன் கையால் தேநீர் போட்டுக் கொண்டுவருவார். அதில் பாதி தட்டில் சிந்தியிருக்கும்.

பன்னிரண்டே முக்கால் பஸ்ஸை ஓட்டியவர் அப்பாவின் டிப்போ நண்பர். தினமும் அவள் ஏறும்போது, "கிளாஸ் இல்லையா?" என்று கேட்பார். "இல்ல மாமா" என்பாள். இரண்டாவது மாதத்துக்கப்புறம் அவர், "யாரு கொன்னானாம்?" என்று கேட்க ஆரம்பித்தார். அப்பா அவரிடமும் போனில் உளறியிருக்கிறார்.

இரவு எட்டு மணிக்கு அம்மா வருவாள். கீழே கேட் சத்தம் கேட்டதும் புத்தகம் தலையணைக்குள் போகும். அப்பா முகத்தைச் சுருக்கிக்கொண்டு படுத்துவிடுவார். சிட்டு அடுப்பில் இருப்பதைக் கிளற ஆரம்பிப்பாள். அம்மா கவுன்டரில் பத்து மணி நேரம் நின்று வீங்கிய கால்களை வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு, "என் பொண்ணு படிப்பைக்கூடப் பாக்காம உங்களைப் பாத்துக்கறா" என்பாள். அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். கட்டு மேல் இருக்கிற பேரெல்லாம் என்ன என்று ஒருமுறை கேட்டாள். "பாக்க வந்தவங்க" என்று அப்பா கூசாமல் சொன்னார். "இத்தனை பேரா வந்தாங்க?" என்று அம்மா நெகிழ்ந்துபோனாள்.

சிட்டுவுக்கு இப்போது நாற்பது வயதாகிறது. அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. அவரை நினைக்கும்போது, ஓட்டுநர் இருக்கையில் அவரைப் பார்த்த எத்தனையோ வருஷங்கள் முன்னால் வருவதில்லை. கட்டிலில் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்த அந்த ஒரு வருஷம்தான் வருகிறது. அந்த அறையின் மருந்து வாசனையும், நூலகப் புத்தகங்களின் பழைய காகித வாசனையும் அவள் மூக்கில் ஒரே வாசனையாகத்தான் பதிந்திருக்கின்றன.

ஆனால் கல்லூரியின் அந்தக் கடைசி வருஷத்தில் அவளுக்கு வேலை வேண்டியிருந்தது. அதனால் லெட்டர் எழுத உட்கார்ந்தாள். மேடம் சொன்ன மாதிரி முதல் பத்தியில் அப்பா வந்தார். 'தந்தையின் நீண்டகாலப் படுக்கையின்போது முழுநேரமும் அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு' என்று எழுதியதைப் படித்துக் காட்டினாள். அப்பா அப்போது கால் சரியாகி மறுபடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இது நானா?" என்றார்.

"நீங்கதான்."

"செத்துட்டனா, இருக்கனா?"

"இருக்கீங்க. ஆனா சந்தேகமா இருக்கீங்க."

அப்பா சிரித்தார். பிறகு காலை நீட்டிப் பார்த்துக்கொண்டு, "எழுதிக்கோ. இவ்வளவு நாளா வலிச்சதுக்கு ஏதாவது உபயோகம் இருக்கட்டும்" என்றார். அம்மாவுக்கு அந்த லெட்டரில் குறையே தெரியவில்லை. இன்னும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம் என்று மட்டும் வருத்தப்பட்டாள்.

முப்பது லெட்டரில் ஒன்று பலித்தது. தொழில் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் நடுத்தரமான ஒரு கம்பெனி. ஆறாவது மாடி. கண்ணாடித் தடுப்புக்குள் நீள மேஜை, தண்ணீர்க் குடுவை, கவிழ்த்துவைத்த இரண்டு டம்ளர். நேர்காணல் செய்தவர் கடன் பிரிவின் தலைவி. ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஒரு பேக்கரி கம்பெனியின் வரவு செலவு அறிக்கையைக் கொடுத்து, "இவங்களுக்குக் கடன் கொடுக்கலாமா?" என்று கேட்டார். சிட்டு பத்து நிமிஷம் பார்த்தாள்.

"லாபம் கூடிக்கிட்டே போகுது. ஆனா கையில பணம் வரல. ரொட்டி விக்கிறவங்களுக்கு அன்னன்னிக்குப் பணம் வந்துரணும். எங்கேயோ நிக்குது."

தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த கால் மணி நேரம் இரண்டு பேரும் அந்த பேக்கரியைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தார்கள். வேலை கிடைத்துவிட்டது என்றே சிட்டுவுக்குத் தோன்றியது.

பிறகு தலைவி அந்த லெட்டரை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எங்க அப்பாவும் எட்டு மாசம்தான் படுத்திருந்தாரு. அப்புறம் எழுந்திருக்கல. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்துதான் நான் கடைசிப் பரீட்சைக்குப் படிச்சேன். முப்பது வருஷம் ஆச்சு. தரை துடைக்கிற மருந்து வாசனை வந்தா இன்னும் அந்த வராந்தாதான் ஞாபகம் வரும். மத்தவங்களுக்கு இது புரியாது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்ல. உங்களுக்குத் தெரியும்."

சிட்டு அந்த லெட்டரைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். ஆட்ட வரவில்லை. எதிரில் இருந்தவரின் கண் கலங்கியிருந்தது. வேலைவாய்ப்பு மேடம் கேட்ட மாதிரியே கலங்கியிருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"எனக்குத் தெரியாது மேடம்" என்றாள்.

"என்ன?"

"எங்க அப்பா அப்படிக் கஷ்டப்படல. கால்தான் முறிஞ்சுது. முதல் அஞ்சு வாரம் நான் பாத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் அவரே நடந்தாரு. நான் கிளாஸுக்குப் போகாம அவருக்குத் துப்பறியும் கதை வாசிச்சுக்கிட்டு இருந்தேன். ஆறு ஏழு மாசம். நல்லா இருந்துச்சு மேடம். அதான் மார்க் போச்சு."

தலைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் சிட்டுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன் இப்ப சொன்னீங்க? நான் கேக்கலையே."

"நீங்க உங்க அப்பாவைப் பத்திச் சொன்னீங்க. அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல."

"பேப்பர்ல ஒண்ணு எழுதியிருக்கீங்க, வாயால ஒண்ணு சொல்றீங்க. ஒருத்தர் எழுதிக் கொடுத்ததை நம்பிக் கையெழுத்துப் போடுற வேலை இது. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

சிட்டு பையை எடுத்துக்கொண்டாள். தலைவி எழுந்து கதவுவரை கூட வந்தார். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. இரண்டே வரி. வருந்துகிறோம்.

அந்தக் கடிதம் வரும்வரைகூட அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நேர்காணல் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அப்பாவும் அம்மாவும் மேஜையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பேக்கரி கட்டம்வரை இருவரும் முகம் மலரக் கேட்டார்கள். அப்புறம் நடந்ததைச் சொல்லச் சொல்ல அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஏனென்றால் அம்மாவுக்கு அன்றுவரை ஒன்றும் தெரியாது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"கட்டு மேல எழுதியிருந்த பேரெல்லாம்?"

"கொலைகாரங்க" என்றார் அப்பா தணிந்த குரலில்.

"நான் அவங்களுக்கெல்லாம் நன்றி சொல்லணும்னு நெனச்சேன். ஆளுக்கு ஒரு டப்பா பிஸ்கெட் வாங்கிக் கொடுக்கலாமான்னுகூட யோசிச்சேன்."

அப்பா சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். மகள் படிப்பைத் தொலைத்ததற்காக என்று சிட்டு நினைத்தாள். பொய் சொன்னதற்காக என்று அப்பா நினைத்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று மூன்றாம் நாள் இருவரும் போய் அவள் முன்னால் நின்றார்கள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொன்னதெல்லாம் போகட்டும். நான் அங்க நின்னு நின்னு கால் வீங்கிக்கிட்டு, இங்க ரெண்டு பேரும் என்ன பாடு படறீங்களோன்னு தினம் அழுதுக்கிட்டே மாத்திரை எண்ணிக்கிட்டு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் இங்க ஜாலியா இருந்திருக்கீங்க. ஒரு நாள், ஒரு ஞாயித்துக்கிழமை, என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல?"

சிட்டு நிதானமாக யோசித்துப் பார்த்தாள். அம்மாவைக் கூப்பிடலாம் என்று அந்த எட்டு மாதத்தில் அவர்களுக்கு ஒரு முறைகூடத் தோன்றியதே இல்லை. வேலை கிடைக்காததைவிட அதுதான் அவளை நெடுநாள் உறுத்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்தார்கள். சிட்டு நூலகத்திலிருந்து நல்லதாகப் பார்த்து ஒரு நாவல் எடுத்துவந்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில், கொலை விழுவதற்கு முன்னாலேயே, அம்மா சோபாவில் சாய்ந்து தூங்கிப்போனாள். அப்பாவும் மகளும் மேலே வாசிக்கவில்லை. எழுப்பவும் இல்லை. அந்த வாசிப்பு அதோடு நின்றது. சில விஷயங்கள் அந்தந்த வருஷத்துக்குள்ளேயே வாழ்ந்து முடிந்துவிடுகின்றன.

வேலை கிடைத்தது, ஆனால் கடன் பிரிவில் இல்லை. தற்காலிக ஆட்களை அனுப்பும் ஓர் ஏஜென்சி, 'டைப் அடிக்கத் தெரியுமா, எட்டு மணிக்கு வர முடியுமா' என்று மட்டும் கேட்டு, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவுக்கு அனுப்பியது. ஜன்னல் இல்லாத தளம். விபத்து விண்ணப்பங்களைப் பிரித்து, தேதி பார்த்து, விடுபட்டதைக் குறித்து, மேலே அனுப்ப வேண்டும். கூடப் படித்தவர்கள் கண்ணாடிக் கோபுரங்களின் இருபதாம் மாடியிலிருந்து படம் எடுத்துப் போட்டபோது சிட்டுவுக்கு வயிறெரிந்தது. எரியவில்லை என்று அவள் ஒருநாளும் பூசி மெழுகியதில்லை. ஆனால் எந்த விண்ணப்பத்தில் ஆள் தேவைக்கு மேல் விளக்குகிறான் என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்தது. ஒரு வருஷத்தில் நிரந்தரமாக்கினார்கள். இரண்டாம் வருஷம் சிக்கலான கோப்புகளை அவள் மேஜைக்குத் தள்ளினார்கள்.

மூன்றாம் வருஷம் ஒரு வங்கியின் கடன் பகுப்பாய்வுப் பிரிவுக்கு விண்ணப்பித்தாள். ஜி.பி.ஏ. கட்டம் அதிலும் இருந்தது. 2.79 என்று அடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். பக்கம் நகர்ந்தது. அனுபவம் உள்ளவர்களிடம் அதை யாரும் வடிகட்டுவதில்லையாம். லெட்டரில் அப்பாவும் வரவில்லை, காலும் வரவில்லை. மூன்று பேர் அவளை முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். இழப்பீட்டுக் கோப்புகளைப் பற்றி, அவர்கள் காட்டிய நூல் மில் ஒன்றின் கையிருப்பைப் பற்றி, எப்போது சேர முடியும் என்பதைப் பற்றி. முடிவில், வேலை உங்களுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். மதிப்பெண் பட்டியல் உறையோடு அவள் பையிலேயே இருந்தது.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபடி வீட்டுக்குப் போன் செய்தாள். அப்பா வண்டியில் இருந்தார். அம்மாதான் எடுத்தாள்.

"கிடைச்சிருச்சும்மா."

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்.

"அந்த ரெண்டு செமஸ்டரைப் பத்திக் கேட்டாங்களா?"

"யாருமே கேக்கலம்மா."

"கேக்கலையா?" அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "கேட்டிருந்தா சொல்லியிருக்கலாமேடி. நல்லாத்தானே இருந்தீங்க ரெண்டு பேரும்."

"சொல்லியிருப்பேன்."

"சரி, வெயில்ல நிக்காத. வரும்போது பால் வாங்கிட்டு வந்துரு. அப்பா வந்ததும் நீயே சொல்லு, நான் முந்திக்கல."

சிட்டு பால் வாங்கிக்கொண்டு, உட்கார இடமிருந்தும் சந்தோஷத்தில் உட்காரத் தோன்றாமல், கம்பியைப் பிடித்தபடி பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள்.